பன்னீர்ச் சொம்பும் மூன்று கூடாரங்களும்

அழகம்மாள் டீச்சருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றி முந்தானையில் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் பேச்சை மாற்றிக்கொண்டால் தப்பித்தார். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறார். பிள்ளைகள் தனக்குப் ‘பட்டாசு டீச்சர்’ என்று பெயர் வைத்திருப்பது அவருக்கும் தெரியும். அதைப்பற்றி அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

பள்ளியில் சாரணியர் இயக்கத்துக்கும் அவர்தான் பொறுப்பு. பையன்கள் என்றால் சாரணர், பெண்பிள்ளைகள் என்றால் சாரணியர். முடிச்சுப் போடுவது, முதலுதவி, திசை பார்த்து நடப்பது, மூன்று கல்லை வைத்துச் சமைப்பது, கூடாரம் அடித்து அதிலேயே தங்குவது என்று பாடம் எல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். புத்தகத்தில் ஒன்றுதான். நடப்பில் என்ன நடக்கும் என்றால், பையன்கள் கூடாரம் அடிப்பார்கள், பெண்பிள்ளைகள் வாசலில் நின்று பன்னீர் தெளிப்பார்கள். ஊரில் எந்த விழா என்றாலும் சரி, வருகிறவருக்குச் சந்தனம் கொடுக்க, தட்டுப் பிடிக்க, மேடையில் சால்வையை நீட்ட, “சாரணியர் பிள்ளைங்களை அனுப்புங்க டீச்சர்” என்று ஒரு போன் வந்துவிடும். கல்யாண மண்டபத்துக்கு ஆள் பிடிப்பது மாதிரி கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கு அதில் கூச்சமும் கிடையாது.

இந்தக் கோபம் நேற்று வந்ததல்ல. டீச்சர் திருவரங்குளம் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அவரும் சாரணியர்தான். மாட்டுக் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் போட்டுப் பழகி, வீட்டுக் கன்றுக்குட்டியை யாராலும் அவிழ்க்க முடியாதபடி கட்டிவைத்து அப்பாவிடம் திட்டு வாங்கியவர். முகாமுக்குப் போகிறோம் என்று வாரக்கணக்காக வீட்டில் அதே பேச்சு. போன இடத்தில் வாசலில் வரிசையாக நிறுத்தி, கையில் ஒரு பன்னீர்ச் சொம்பைக் கொடுத்தார்கள். சிறப்பு விருந்தினர் வருவதற்குள் வெயிலில் சொம்புப் பன்னீர் வெந்நீராகிவிட்டது. ஜீப்பில் வந்து இறங்கிய மனிதர் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் பெண்பிள்ளைகளை எல்லாம் பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பையன்கள் தங்கினார்கள். திங்கட்கிழமை வகுப்பில் அவர்கள் கூடாரத்துக்குள் படுத்த கதையையும் தீ மூட்டிப் பாடிய கதையையும் சொல்லச் சொல்ல, இந்தப் பெண் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோபம் அன்றைக்கு உள்ளே போனதுதான், இன்னும் வெளியே வரவில்லை.

அவருக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. டீச்சர் வேலைக்கு வந்து, சாரணியர் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கி, எத்தனையோ பிள்ளைகளுக்குக் கூடாரம் அடிக்கக் கற்றுக்கொடுத்தாயிற்று. ஆனால் ஒரே ஒரு ராத்திரிகூட அவர் கூடாரத்தில் படுத்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் அதே கதைதான். பெண்பிள்ளைகள், பாதுகாப்பு, பொறுப்பு யார், வீட்டுக்கு அனுப்பிடுங்க. சொல்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள். இந்த நல்லவர்களை நினைத்தால்தான் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய கணவர் சண்முகம் பஸ் டிப்போவில் மெக்கானிக். “ஊருல இருக்க சண்டையெல்லாம் ஒன் வீட்டு அட்ரஸக் கேட்டுத்தான் வருதா?” என்பார். சொல்லிவிட்டு, கூடாரத்து முளைகள் வளைந்திருந்தால் டிப்போவுக்கு எடுத்துப்போய் நிமிர்த்திக்கொண்டு வருவதும் அவர்தான்.

கூடாரம் மூன்றும் பிள்ளைகளுடையவை. அரசாங்கம் கொடுத்தவை அல்ல. கீரமங்கலம் பக்கம் திரும்பின இடமெல்லாம் பூக்கொல்லை. போன கோடை விடுமுறையில் சாரணியரின் இரண்டு அணிப் பிள்ளைகளும் சேர்ந்து கோயில் திருவிழாக்களுக்கு மாலை கட்டிக் கொடுத்து, அந்தக் காசில் வாங்கிய கூடாரங்கள் அவை. ஓரத்தில் பள்ளியின் பெயரைப் பிள்ளைகளே நூலால் தைத்திருந்தார்கள்.

இந்த வருஷம் மாசி மாதத்தில் மாவட்ட முகாம் வந்தது. குடுமியான்மலைப் பக்கம் ஒரு தனியார் பள்ளி மைதானத்தில் மூன்று நாள். கடைசியில் தேர்ச்சிச் சான்றிதழ் கொடுப்பார்கள். முகாமுக்குத் தலைவர் ராம்நாத் சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எப்போதும் சிரித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. ஒரு மாதம் முன்னாலேயே டீச்சர் அவரைப் போய்ப் பார்த்தார்.

“இந்தத் தடவை எங்க பிள்ளைங்க கூடாரத்துலதான் தங்குவாங்க சார். கூட நானும் தங்குறேன்.”

“பாத்துக்கலாம் மேடம், பாத்துக்கலாம்,” என்றார் சிரித்தபடி.

டீச்சர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்து, ‘பாத்துக்கலாம்’ என்றால் நடக்காது என்று அர்த்தம் என்பதை எப்படி மறந்தாரோ தெரியவில்லை. ஆசை மறைத்துவிட்டது.

அதன்பிறகு வீடு வீடாக ஏறி இறங்கினார். பெரும்பாலான வீடுகளில் அம்மாக்களே சரி என்றுவிட்டார்கள். முரண்டு பிடித்தவர் ஒருவர்தான், பூக்கொல்லைக்காரர் குழந்தைசாமி. அவருடைய மகள் மணிமேகலை ஓர் அணிக்குத் தலைவி. கூடாரம் அடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

“படிக்க அனுப்புறேன் டீச்சரம்மா, விளையாட அனுப்புறேன். வயசுப்புள்ளைய வெட்டவெளியில படுக்க வச்சா ஊரு என்ன சொல்லும்?”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏண்ணே, விடியுறதுக்கு முன்னாடி நெத்தியில லைட்டக் கட்டிவிட்டு இதே புள்ளைய பூப்பறிக்க கொல்லைக்கு அனுப்புறீங்களே, அப்ப ஊரு எங்க போயிருந்துச்சு? இருட்டு அப்ப மட்டும் நல்ல இருட்டா? பூவு கமிஷன் கடைக்குப் போவணும்னா பொட்டப்புள்ள தைரியசாலி, அவ ஆசைக்கு ஒரு ராத்திரி வெளிய படுக்கணும்னா ஊரு வந்து நிக்குது!”

குழந்தைசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார், மறுபடியும் போட்டுக்கொண்டார். “ஒங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது,” என்று எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, மணிமேகலை ஒரு புதுப் போர்வையைக் கொண்டுவந்து டீச்சரிடம் காட்டினாள். கத்தரிப்பூ நிறம். முகாமுக்கென்று அவளுடைய அப்பா சந்தையில் வாங்கிக் கொடுத்தது. அவள் அதை மடிப்புக் கலையாமல் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றிவந்தாள்.

முகாம் மைதானம் செம்புறை மண். காய்ந்தால் பாறைதான். மற்ற பள்ளிகளிலிருந்து வந்திருந்த பையன்கள் முளையைச் சம்மட்டியால் அடி அடி என்று அடித்தார்கள். மண் அசையவில்லை, முளைதான் வளைந்தது. அரைகுறையாய் இறங்கியதைப் போதும் என்று விட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போனார்கள். டீச்சரின் பிள்ளைகள் அவசரப்படவில்லை. வந்ததும் முதல் வேலையாக முளை இறங்க வேண்டிய இடங்களில் எல்லாம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டார்கள். கடப்பாரையால் ஒரு குத்துக் குத்திவிட்டு முளையை இறக்கினார்கள். கூடாரத்தைச் சுற்றி மழைத்தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினார்கள். மூன்று கூடாரமும் மத்தியானத்துக்குள் எழும்பிவிட்டன. கயிற்றைத் தட்டினால் விண்ணென்று இருந்தது. கூடாரம் அடிக்கும் போட்டியில் முதல் பரிசு அவர்களுக்குத்தான்.

நாலு மணிக்கு மலைப்பக்கமிருந்து ஒரு காற்று கிளம்பியது. பெரிய காற்றுகூட இல்லை. பையன்களுடைய கூடாரம் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டது. பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். அந்த மைதானத்தில் அவர் சிரித்தது அத்தோடு சரி.

சமையலுக்கு விறகு எடுக்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பினால், மூன்று கூடாரத்தின் வாசலிலும் பையன்களுடைய செருப்பு. உள்ளே அவர்களுடைய பெட்டி, பை, பேட் எல்லாம் ஏறியிருந்தன. பெண்பிள்ளைகளின் பைகளைத் தூக்கி வெளியே, வேலியோரம் குவித்திருந்தார்கள். மணிமேகலையின் கத்தரிப்பூப் போர்வை குவியலில் இருந்து சரிந்து செம்மண்ணில் கிடந்தது. அதன் மேல் யாரோ நடந்துபோன தடம்.

மணிமேகலை போர்வையை எடுத்து உதறினாள். உதற உதற மண் போகவில்லை.

ராம்நாத் சார் சிரித்துக்கொண்டே வந்தார். “மேடம், நல்லவேளை, ஒங்க டென்ட் மூணும் கல்லு மாதிரி நிக்குது. பசங்க இதுல படுத்துக்குவாங்க. ஒங்க பிள்ளைங்களுக்கு அஞ்சரைக்கு வேன் சொல்லிருக்கேன்.”

“எதுக்கு வேன்?”

“வீட்டுக்குத்தான். பொம்பளப் பிள்ளைங்க பாருங்க. பாதுகாப்பு முக்கியம் இல்லையா?”

“இங்க சுத்துச்சுவரு இருக்கு, வாட்ச்மேன் இருக்காரு, நான் இருக்கேன். இதுல இல்லாத பாதுகாப்பு, இருட்டுல குடுமியான்மலைக்கும் கீரமங்கலத்துக்கும் வேன்ல அலையுறதுல இருக்கா? வீட்டுல எல்லாரும் சம்மதிச்சிட்டாங்க சார். ஒங்ககிட்டயும் அப்பவே சொன்னேன்.”

“நான் பாத்துக்கலாம்னுதானே சொன்னேன்? கோவப்படாதீங்க. சர்டிபிகேட்டுல தங்குனதாவே போட்டுடலாம். வருஷா வருஷம் அப்படித்தானே?” குரலை இன்னும் குழைத்தார். “அப்புறம், நாளைக்கு ஒன்பது மணிக்கு சீஃப் கெஸ்ட் வர்றாங்க. பிள்ளைங்களை யூனிஃபார்ம் வேணாம், பட்டுப்பாவாடை கொண்டாரச் சொல்லுங்க. தட்டு, பன்னீர்ச் சொம்பு எல்லாம் நம்ம ஆபீஸ்ல ரெடி.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷத்துக்கும் முந்திய அந்த வெந்நீர்ச் சொம்பு இன்னும் கையில் இருப்பது போலிருந்தது. இந்தப் பிள்ளைகள் தண்ணீர் சுமந்து, மண்ணை ஊறவைத்து, கை காய்த்துப்போகக் கூடாரம் அடிக்க வேண்டும். அதில் பையன்கள் கால் நீட்டிப் படுக்க வேண்டும். இவர்கள் மறுநாள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வந்து இளிக்க வேண்டும். அதற்குக் கூலி ஒரு பொய்ச் சான்றிதழ். என்ன நியாயம் இது? யார் வீட்டு நியாயம்?

பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டீங்கள்ல? சும்மா இருந்தா சர்டிபிகேட் கிடைக்கும். பின்னாடி காலேஜுக்கு எதுக்காச்சும் ஒதவும். நான் இப்ப செய்யப்போறதைச் செஞ்சா அது கிடைக்காது. நீங்களே சொல்லுங்க.”

ஷர்லி என்ற பெண்தான் முதலில் வாய் திறந்தாள். அடுத்த அணியின் தலைவி. வகுப்பில் கேள்வி கேட்டால் மேஜைக்கு அடியில் ஒளிகிறவள்.

“படுக்காமலே படுத்தோம்னு போட்ட சர்டிபிகேட்ட வச்சுக்கிட்டு என்ன டீச்சர் பண்றது?”

மணிமேகலை போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். “அடிச்சவங்கதான பிரிக்கணும் டீச்சர்? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க.”

அது சாரணர் வழக்கம். கூடாரத்தை அடித்த கைதான் பிரிக்க வேண்டும். பிரித்த இடத்தில் ஒரு காகிதத்துண்டு கிடக்கக்கூடாது. டீச்சர் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து, மைதானத்து மூலைவரை கேட்கும்படி ஊதினார்.

“கூடாரம் பிரி!”

பிள்ளைகள் பாய்ந்தார்கள். பையன்களின் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, மண் படாமல் ஒரு தார்ப்பாய் விரித்து அதன்மேல் அடுக்கினார்கள். அதுதான் டீச்சருக்குப் பிடித்தது. முளை பிடுங்கினார்கள், கயிறு சுற்றினார்கள், வெட்டிய வாய்க்காலை மண்ணிட்டு மூடி மிதித்தார்கள். வேன் வந்து நிற்கும்போது அங்கே கூடாரம் இருந்த சுவடே இல்லை.

ராம்நாத் சாரின் சிரிப்பு இப்போதுதான் போனது. “என்ன மேடம் இது, பசங்க எங்க படுப்பாங்க?”

“வீட்டுக்கு வேன் சொல்லி அனுப்புங்க சார். பாதுகாப்பு முக்கியம் இல்லையா?”

“இதுக்கு மேலிடத்துல பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒங்க பிள்ளைங்களுக்கு சர்டிபிகேட் கிடையாது. ஒங்களுக்கு மெமோ வரும்.”

“வரட்டும். மெமோவுல நான் என்ன செஞ்சேன்னு முழுசா எழுதச் சொல்லுங்க.”

வேனில் ஏறியதும் வீரம் எல்லாம் இறங்கிவிட்டது. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் சத்தமில்லாமல் அழுதார்கள். டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. முதலிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டாமா? இனிக்க இனிக்கச் சிரிக்கிறவனிடம் வாய்வார்த்தையை வாங்கிக்கொண்டு வந்தோமே! புதுக்கோட்டை தாண்டும்போது மணிமேகலை முன்னால் வந்து குனிந்து கேட்டாள்.

“இன்னைக்கும் வீட்டுலதான் படுக்கணுமா டீச்சர்?”

இந்தக் கேள்விதான் டீச்சரை உலுக்கியது. கூடாரம் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிறார்கள். அரிசியும் பருப்பும் மூட்டையில் இருக்கின்றன. ராம்நாத் சாரின் மைதானம் ஒன்றுதானா இந்தப் பூமியில் இருக்கிறது? போனை எடுத்துக் குழந்தைசாமியை அழைத்தார். நடந்ததைச் சொன்னார். போர்வையைப் பற்றியும் சொன்னார்.

அந்தப் பக்கம் குரல் வெடித்தது. “எம்புள்ளையத் திருப்பி அனுப்ப அவன் யாரு? நான் இங்க எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன், முகாமுல தங்கிட்டு வருதுன்னு! எம்புள்ள போர்வைய மிதிச்சானுங்களா?” அப்புறம் குரல் இறங்கியது. “இப்ப என்ன செய்யணுங்கிறீங்க?”

“ஒங்க கொல்லையில இடம் வேணும்ணே. ஒரு ராத்திரிக்கு.”

“வாங்க,” என்றார் குழந்தைசாமி. போனை வைத்துவிட்டார்.

மற்ற வீடுகளுக்கும் டீச்சர் வேனில் இருந்தபடியே பேசினார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொல்லையில் வந்து இறங்கும்போது மோட்டார் கொட்டகையில் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. முல்லைப் பாத்திக்கும் தென்னை வரிசைக்கும் நடுவே இருந்த வெறுந்தரையில் முள், மட்டை எல்லாவற்றையும் குழந்தைசாமி கூட்டித் தள்ளியிருந்தார். பிள்ளைகள் பூப்பறிக்கும் நெற்றி விளக்குகளைக் கட்டிக்கொண்டு கூடாரம் அடித்தார்கள். இந்த மண் இளகிய மண். முளை வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. சாலையில் போனவர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“என்னப்பா, பொட்டப்புள்ளைகள வெளிய படுக்கப்போடுறியாமே?” என்றார் ஒருவர்.

“ஆமா, என் கொல்லை, என் புள்ள. ஒனக்குத் தூக்கம் வரலைன்னா அங்கிட்டுப் போயி நில்லு,” என்றார் குழந்தைசாமி. சிரிப்பு வந்துவிடாமல் டீச்சர் குனிந்து ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினார்.

மூன்று கல் வைத்துச் சோறாக்கினார்கள். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அதையும் சுரண்டித் தின்றார்கள். தீயைச் சுற்றி உட்கார்ந்து தெரிந்த பாட்டு, தெரியாத பாட்டு எல்லாம் பாடினார்கள். மேஜைக்கு அடியில் ஒளிகிற ஷர்லிதான் ராம்நாத் சார் மாதிரி “பாத்துக்கலாம் மேடம்” என்று நடித்துக் காட்டி எல்லாரையும் புரையேற வைத்தாள்.

அப்புறம் டீச்சர் குனிந்து கூடாரத்துக்குள் போனார். மணிமேகலை பக்கத்தில், செம்மண் கறை படிந்த போர்வையின் பாதியைப் போர்த்திக்கொண்டு படுத்தார். தலைக்கு மேல் துணி லேசாக மூச்சு விடுவது மாதிரி அசைந்தது. முல்லை மொட்டு வாசனை வந்தது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இத்தனை வருஷம் கழித்து வந்து படுத்திருக்கிறாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் குறையவில்லை, கூடிற்று. இவ்வளவுதானா? இந்த ஒரு துணி, நாலு கயிறு, பக்கத்தில் மூச்சுவிடும் பிள்ளைகள். இதைக் கொடுக்கவா அவர்களுக்கு மனம் வரவில்லை? இதற்கா ஒரு பெண் நாற்பத்தெட்டு வயதுவரை காத்திருக்க வேண்டும்?

விழிப்பு வந்தபோது வெளியே வெளிச்சம். டீச்சர் பதறிப்போய்த் தலையை நீட்டினார். கொல்லையில் இருட்டோடு எழுந்து பூப்பறிக்க வேண்டுமே, மணிமேகலையை எழுப்பாமல் விட்டோமே என்று. குழந்தைசாமியும் அவர் மனைவியும் கடைசிப் பாத்தியில் இருந்தார்கள். நெற்றி விளக்கை அணைக்கக்கூட மறந்து, குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பூ மலர்ந்தே விட்டது. மலர்ந்த பூவைக் கமிஷன் கடையில் பாதி விலைக்குக்கூட எடுக்கமாட்டார்கள்.

“எழுப்பிருக்கலாம்லண்ணே?”

குழந்தைசாமி விரலை உதட்டில் வைத்தார். “தூங்கட்டும் டீச்சரம்மா. மொத மொதலா முகாமு. பூவு நாளைக்கும் பூக்கும்.”

அப்போதுதான் போன் அடித்தது. ராம்நாத் சார். குரலில் பழைய சிரிப்பு பாதி திரும்பியிருந்தது.

“மேடம், நேத்து நடந்ததை விடுங்க. நானும் யோசிச்சேன், சர்டிபிகேட்டெல்லாம் குடுத்துடலாம். பிள்ளைங்க கெளம்பிட்டாங்களா? கெஸ்ட் ஒன்பது மணிக்கெல்லாம் வந்துடுவாங்க.”

“பிள்ளைங்க தூங்குறாங்க சார்.”

“இன்னுமா? எங்க?”

“கூடாரத்துல.”

“அப்ப இங்க தட்டுப் பிடிக்க, பன்னீர் தெளிக்க யாரு இருக்கா?”

“அத்தனை பசங்க இருக்காங்கள்ல சார். அவங்க கையில சொம்பைக் குடுங்க. யூனிஃபார்ம் வேணாம், பட்டுவேட்டி கட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க.”

போனை அணைத்துப் பைக்குள் போட்டார். வெயில் தென்னைக்கு மேலே ஏறி, கூடார வாசல் வழியாகப் பிள்ளைகள் முகத்தில் அடிக்கத் தொடங்கியிருந்தது. டீச்சர் உள்ளே போய், வாசல் துணியை இழுத்து இறக்கி, முடிச்சுப் போட்டார்.